அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குள் வலி மாத்திரை: இடுப்பு வலிக்கு வயதானவர்கள் எதை நம்பிப் போகிறார்கள்?

சங்கரன்கோவில்_மணி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 69 வயது. ஊரில் தனியாக இருக்கிறார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. தீபாவளிக்குப் போயிருந்தபோது ரசத்துக்கு மிளகு எடுக்க அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். வெந்தயக் குழிக்குள் நாலைந்து மாத்திரை, அட்டையிலிருந்து கத்தரித்த துண்டு துண்டாக. டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. "இது என்னம்மா?" என்றால், "எப்பவாவது இடுப்பு பிடிச்சா போடுவேன்" என்றார். பக்கத்து வீட்டு அத்தையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஒன்றரை வருஷமாக ஓடுகிறதாம்.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் வேறு. இடுப்பு வலி என்று அவர் எப்போதோ ஒரு தடவை சொன்னதற்கு நான் பெல்ட் வாங்கிக் கொடுத்தேன், 1,200 ரூபாய். அப்புறம் ஆன்லைனில் அதிரும் மசாஜர். அப்புறம் ஒரு மெத்தை. மூன்றும் பரண்மேல் இருக்கின்றன, மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அவராகத் தேர்ந்தெடுத்த மாத்திரையும் ஒரு பச்சை நிறத் தைலமும் மட்டும் கையெட்டும் தூரத்தில்.

கேள்வி இரண்டு. ஒன்று, இந்த மாத்திரையை எப்படி நிறுத்துவது, பதிலுக்கு எதைக் கொடுப்பது? இரண்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதை வைத்து முடிவு எடுக்கிறார்கள்? எனக்கு இரண்டாவதுதான் புரியவே இல்லை.

---

கரிசல்_காடு

இரண்டாவது கேள்விக்குப் பதில்: எதிர்வீட்டு அக்கா எதைச் சொன்னாரோ அதை வைத்து. எம்.டி. படித்த டாக்டரைவிட எதிர்வீட்டு அக்காவுக்கு அனுபவம் ஜாஸ்தி.

---

மெடிக்கல்_அண்ணாச்சி

தம்பி, நான் 26 வருஷமாக மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறேன். அம்மா மாதிரி ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது வருவார்கள். சீட்டு இருக்காது. "இடுப்பு வலிக்கு ஒரு செட் குடுப்பா" என்பார்கள். செட் என்றால் ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, சில கடைகளில் தூக்கம் வருகிற மாதிரி ஒன்று. இருபது, முப்பது ரூபாயில் முடிந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ், காத்திருப்பு, கூட ஒரு ஆள். கடைக்கு ஆள் தேவையில்லை.

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா? அட்டையின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

சங்கரன்கோவில்_மணி

ஆமாம் அண்ணாச்சி. டெல்மிசார்டன், கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு என்று போட்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தது.

---

மெடிக்கல்_அண்ணாச்சி

அப்படியென்றால் ஒரு வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கிரியாட்டினின், யூரியா, பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று இவைதான் சொல்லும். டெல்மிசார்டன் ஒரு பக்கம், ஹைட்ரோகுளோரோதயசைடு என்கிற நீர் பிரிகிற மருந்து ஒரு பக்கம், மேலே டைக்ளோஃபெனாக். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டம் குறையும். இளவயதுக்காரர் தாங்குவார். 69 வயதில், வெயிலில் வேலை பார்த்துவிட்டுத் தண்ணீர் சரியாகக் குடிக்காத ஆளுக்கு, சத்தமில்லாமல் கெடும். பிரஷரும் ஏறும். பிரஷர் ஏறினால் டாக்டர் இன்னொரு பிரஷர் மாத்திரை சேர்ப்பார், ஏனென்றால் அஞ்சறைப் பெட்டிக் கதை அவருக்குத் தெரியாது.

வயிற்றுப் புண்ணும் உண்டு. மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், அத்தையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

டைக்ளோஃபெனாக்கை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் பிரஷர் மாத்திரையை நீங்களாகக் கைவைத்துவிடாதீர்கள்.

---

ஓய்வு_ஹெச்எம்_கும்பகோணம்

டைக்ளோஃபெனாக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் உயிரியல் வாத்தியார், 34 வருஷம். மாட்டுக்கு இந்த மருந்தைப் போட்டார்கள், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு இந்த மருந்தைத் தடை செய்தார்கள். நீலகிரியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சம் கொஞ்சம் இருக்கின்றன. கழுகு உடம்பு வேறு, மனுஷ உடம்பு வேறு, சரி. இருந்தாலும் இதைப் பாடம் நடத்திய நானே ஓய்வு பெற்றபின் மூன்று வருஷம் அதே மாத்திரையைப் போட்டேன் என்பதுதான் வேடிக்கை.

எனக்கு இப்போது 74. இடுப்பு வலிக்கு நான் எப்படி முடிவெடுத்தேன் என்று கேட்டால், எம்.ஆர்.ஐ. பார்த்துப் பயந்து. ரிப்போர்ட்டில் எல்4-எல்5 பல்ஜ், எல்5-எஸ்1 தேய்மானம், அது இது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. படித்த அன்றைக்கு ராத்திரி வலி இரண்டு மடங்கு ஆகிவிட்டது. மகன் ஆபரேஷன் என்றான். மனைவி திருவிடைமருதூர் கோயிலில் வேண்டிக்கொண்டாள். நான் பயத்தில் குனியாமல், நிமிராமல், குளிக்கும்போதுகூட பெல்ட்டோடு ஆறு மாதம் இருந்தேன். தொடை இரண்டும் குச்சியானதுதான் மிச்சம்.

இப்போது வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போகிறேன். கரண்ட் வைப்பார்கள். நல்ல சுகம்.

---

பிசியோ_ரேவதி

மணி, உங்கள் பதிவைப் பார்த்து எழுதாமல் இருக்க முடியவில்லை. மதுரையில் பிசியோவாக இருக்கிறேன், என்னிடம் வருவோரில் பாதிக்கு மேல் அறுபது தாண்டியவர்கள்.

முதலில் ஹெச்எம் ஐயாவுக்கு. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களின் படங்களைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கே டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். பல்ஜ் என்கிறார்களே, டிஸ்க் பிதுங்கியிருப்பது, அது இருபதில் 30, எண்பதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் முதுகு வலி கிடையாது. தலை நரைப்பது மாதிரிதான் அதுவும். நரை இருக்கிறது என்பதால் தலை வலிப்பதில்லை.

அப்புறம் அந்தக் கரண்ட். என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வயதானவர்களையும் கணக்கில் எடுத்து எழுதியது. அதில் உடற்பயிற்சி, வலியைப் பற்றிப் புரியவைத்தல், மனநல முறைகள், மசாஜ் போன்ற கைமுறைச் சிகிச்சை இவற்றுக்கு ஆதரவு. டென்ஸ் என்கிற கரண்ட், அல்ட்ராசவுண்ட், இழுவை, இடுப்பு பெல்ட் இந்த நான்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஓபியாய்டு என்கிற அபின் வகை வலி மருந்துகளும் வேண்டாம் என்கிறார்கள்.

ஆக மணியின் 1,200 ரூபாய் பெல்ட் பரண்மேல் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. தூரப் பயணத்துக்கு, ஒரு கல்யாண வேலைக்கு, இரண்டு மணி நேரம் போடலாம். நாள் முழுக்க வேண்டாம்.

---

ஓய்வு_ஹெச்எம்_கும்பகோணம்

ரேவதி அம்மா, கரண்ட்டால் பிரயோஜனம் இல்லை என்றால் எனக்கு எப்படிக் குறைந்தது?

---

பிசியோ_ரேவதி

அங்கே வேறு என்ன செய்கிறீர்கள் ஐயா? ஒரு நாளை அப்படியே எழுதுங்களேன்.

---

ஓய்வு_ஹெச்எம்_கும்பகோணம்

காலை ஒன்பதரைக்கு வீட்டிலிருந்து நடந்து பஸ் ஸ்டாப். ஏழு நிமிஷம். நகரப் பேருந்து. இறங்கி மறுபடி கொஞ்சம் நடை. மாடிப்படி பதினெட்டு. அங்கே என்னை மாதிரி நாலு பேர் இருப்பார்கள், ஒருவர் தபால் துறை, ஒருவர் பாத்திரக்கடை. கரண்ட் இருபது நிமிஷம். அப்புறம் அந்தப் பெண் குப்புறப் படுத்து, மல்லாந்து, நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து என்று கால் மணி நேரம் வாங்குவாள். முடிந்ததும் நாங்கள் நாலு பேரும் டிகிரி காபி. பேச்சு. பன்னிரண்டரைக்கு வீடு.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். நீங்கள் எதற்குக் கேட்டீர்கள் என்று புரிகிறது.

---

கரிசல்_காடு

காபிதான் மருந்து. கேஸ் முடிந்தது.

---

பிசியோ_ரேவதி

காபியும்தான். கிண்டல் இல்லை. ஐயாவிடம் கரண்ட்டை நிறுத்தச் சொன்னால் அவர் போவதையே நிறுத்திவிடுவார். அதனால் நான்கூட சிலருக்குக் கரண்ட்டை விட்டுவைத்திருக்கிறேன். இருபது நிமிஷம் வைத்துவிட்டு, அதற்கு விலையாக நாற்பது தடவை நாற்காலியிலிருந்து எழவைப்பேன்.

---

கீதா_ஈரோடு

என் அனுபவத்தை எழுதுகிறேன். மணி அண்ணா, தயவுசெய்து அம்மாவுக்கு முதலில் எலும்பைப் பாருங்கள்.

என் அம்மாவுக்கு 72. ஒரு நாள் குடத்தைத் தூக்கும்போது முதுகில் 'சுளீர்' என்றது. வாயுப்பிடிப்பு என்றார். பூண்டுப் பால் குடித்தார். இரண்டு நாளில் சரியாகவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும்: கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப்பிடிப்பு விட்டுவிடும். தெருவில் அப்படி ஒரு பையன் இருக்கிறான், பிளஸ் டூ படிக்கிறான். அவனைக் கூட்டிவந்து குப்புறப் படுத்து மிதிக்கச் சொல்லியிருக்கிறார். நான் வேலைக்குப் போயிருந்தேன்.

மூன்றாவது வாரம் எக்ஸ்ரே எடுத்தபோது முதுகெலும்பில் ஒரு கட்டை ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தது. எல்1. குடம் தூக்கியபோதே உடைந்ததா, மிதித்ததில் மோசமானதா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. எலும்பு அடர்த்தியைப் பார்க்கிற டெக்ஸா ஸ்கேனில் மைனஸ் 3.4. மைனஸ் 2.5க்குக் கீழே போனாலே எலும்புப்புரை என்கிறார்கள்.

இப்போது யோசித்தால் ஒரு அடையாளம் முன்னாலேயே இருந்தது. ஒரு வருஷமாகவே அம்மா சேலை கட்டினால் கொசுவம் தரையில் புரண்டது. "சேலை நீளமா வருது இப்பல்லாம்" என்று கடைக்காரனைத் திட்டுவார். சேலை நீளவில்லை. அம்மா குள்ளமாகியிருந்தார்.

அந்தப் பையன் இன்னும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. பாவம், அவன் என்ன செய்வான், கூப்பிட்டது அம்மாதான்.

---

நாஞ்சில்_வாசி

கீதா அக்கா, படிக்கவே சங்கடமாக இருக்கிறது. இதை வைத்து எல்லா நாட்டு வைத்தியத்தையும் ஒரே கூடையில் போட்டுவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் வர்ம ஆசான்கள் உண்டு. என் அப்பச்சிக்கு இடுப்பு பிடித்தால் ஆசானிடம்தான் போவார். நான் கூடப் போயிருக்கிறேன். அந்த ஆசான் தொடுவதற்கு முன் கால்மணி நேரம் கேள்விதான் கேட்பார். எப்போது விழுந்தாய், காய்ச்சல் உண்டா, மூத்திரம் சரியாகப் போகிறதா, கால் மரத்துப்போகிறதா. ஒருமுறை ஒரு பாட்டியைத் தொடாமலேயே "படம் எடுத்துக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினார். தெருவில் மிதிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

அரசு சித்த மருத்துவமனைகளும் இருக்கின்றன. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலிருந்து இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தில் அண்ணா மருத்துவமனை. படித்தவர்கள் பார்த்துத்தான் தொக்கணம் என்கிற சித்த மசாஜ், ஒத்தடம் எல்லாம் கொடுக்கிறார்கள். மணி, சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டை ஒன்றும் தூரமில்லையே.

---

மெடிக்கல்_அண்ணாச்சி

நாஞ்சிலார் சொல்வது சரி. வெளியில் தடவுகிற தைலத்தோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை எல்லாம் பேர் இல்லாத சூரணத்தோடு.

---

வேலூர்_ஷாஜி

அண்ணாச்சி தொடங்கிவிட்டார், நான் முடிக்கிறேன். வாப்பாவுக்கு யாரோ சொல்லி ஒரு பொடி கூரியரில் வரவழைத்தார். மூட்டு, முதுகு எல்லா வலிக்கும், 'முழுக்க மூலிகை'. மூன்றாம் நாளே வலி போயிற்று. வாப்பா இருபது வயது குறைந்த மாதிரி சந்தைக்கு நடந்து போனார். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், சொந்தக்காரர்களுக்கும் நம்பர் கொடுத்தோம். வெட்கமாக இருக்கிறது.

நான்கு மாதத்தில் முகம் உப்பிவிட்டது. "சதை போட்டிருக்கார்" என்றார்கள். கை கால் மெலிந்து வயிறும் முகமும் மட்டும் வளர்ந்தன. லேசாகத் தட்டினாலே தோல் கன்றிப்போனது. கட்டுக்குள் இருந்த சுகர் 410. டாக்டர் முகத்தைப் பார்த்த உடனே "என்ன பொடி சாப்பிடுறீங்க?" என்றுதான் கேட்டார். ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றார். அதைவிடக் கஷ்டம், சட்டென்று நிறுத்தவும் கூடாதாம். உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், திடீரென்று விட்டால் மயக்கம் போட்டு விழுவார்கள் என்று, டாக்டரே ஸ்டீராய்டு மாத்திரை எழுதி, வாரா வாரம் குறைத்துக் குறைத்து நிறுத்தினார்.

அதிவேகமாக வலி போனால் சந்தேகப்படுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

---

மெடிக்கல்_அண்ணாச்சி

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். 'நரம்பு மாத்திரை' என்று கேட்டு வாங்குகிறார்கள் பாருங்கள், சத்து மாத்திரை என்று நினைத்துக்கொண்டு. பல அட்டைகளில் மீத்தைல்கோபாலமின் என்கிற பி12 வைட்டமினோடு பிரகாபாலின் என்கிற நரம்பு வலி மருந்தும் இருக்கும். வைட்டமின் தொந்தரவு செய்யாது. பிரகாபாலின் தள்ளாட வைக்கும், தூக்கம் வரும். ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போகும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்து, கடைசியில் இடுப்பு வலி பரவாயில்லை என்று ஆகிவிடும். காலுக்கு இறங்குகிற வலிக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வேறு காரணத்துக்கு டாக்டர் எழுதியிருந்தால் அது வேறு. கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

டிரமடால் என்கிற ஓபியாய்டு வலி மாத்திரையும் அப்படித்தான். 2018இலிருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சீட்டில்லாமல் கேட்டு என்னிடம் சண்டைக்கு வந்தவர்களில் எழுபது வயது தாத்தாக்களும் உண்டு.

---

சங்கரன்கோவில்_மணி

அப்போது வெறும் பாராசிட்டமால் கொடுக்கலாமா அண்ணாச்சி? அதுவாவது பாதுகாப்பு இல்லையா?

---

மெடிக்கல்_அண்ணாச்சி

சிறுநீரகத்துக்கு டைக்ளோஃபெனாக்கைவிடப் பாதுகாப்புதான், அளவு மீறாவிட்டால். ஆனால் இடுப்பு வலிக்கு அது கேட்குமா என்பது வேறு கதை. 2014இல் ஆஸ்திரேலியாவில் திடீர் இடுப்பு வலிக்காரர்கள் 1,600க்கும் மேற்பட்டவர்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். வேளை தவறாமல் பாராசிட்டமால் சாப்பிட்டவர்களுக்கு 17 நாளில் சரியானது. தேவைப்பட்டால் மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் 17 நாள். மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 16 நாள்!

ஆனாலும் நான் ஒன்று சொல்வேன். எதையாவது கையில் கொடுக்காமல் டைக்ளோஃபெனாக்கை மட்டும் பிடுங்கினால் அம்மா வேறு கடையில் வாங்குவார். நீங்கள் டப்பாவைத்தான் காலி செய்வீர்கள்.

---

ஜீவா_நர்ஸ்

கையில் கொடுக்க: கல் உப்பு ஒத்தடம். இரும்புச் சட்டியில் வறுத்து, பருத்தித் துணியில் முடிந்து, இடுப்பில் ஒற்றி எடுப்பது. நொச்சி இலை கிடைத்தால் சேர்த்து வதக்கிக்கொள்ளலாம். சூடு கொடுப்பது தசைப்பிடிப்புக்கு உண்மையாகவே சுகம் தரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சுகர் இருந்தால் தோலில் சூடு உறைக்காது. எங்கள் வார்டில் ஒரு பாட்டி வெந்நீர்ப் பையை இடுப்புக்குக் கீழே வைத்தபடி தூங்கிவிட்டார். கொப்புளம் வந்ததே தெரியவில்லை, மகள் சேலையில் ஈரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். புண் ஆற இரண்டு மாதம். வேறு யாராவது முதலில் தங்கள் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். படுத்துக்கொண்டு வைக்கக் கூடாது, உட்கார்ந்தபடி கால்மணி நேரம்.

---

திருச்சி_பாலு

ஒரு சந்தேகம். அப்பாவுக்கு 76. டீக்கடை வரைக்கும் நடக்க முடியவில்லை, இருநூறு அடியில் தொடையும் கெண்டைக்காலும் கனத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்தால் இரண்டு நிமிஷத்தில் சரி. ஆனால் சைக்கிளில் ஐந்து கிலோமீட்டர் போய்வருகிறார். நடிக்கிறார் என்று அம்மா சண்டை போடுகிறார்.

---

பிசியோ_ரேவதி

அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் நடிக்கவில்லை. நிமிர்ந்து நடக்கும்போது தண்டுவடக் குழாய் இறுக்கமாகும், குனிந்தால் கொஞ்சம் அகலமாகும். சைக்கிள் ஓட்டும்போது முன்னால் குனிந்துதானே இருக்கிறார்? குழாய் சுருங்கிய வயதானவர்களுக்கு இதுதான் அடையாளம். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்தால் நன்றாக நடப்பார், பார்த்திருப்பீர்கள். காலில் ரத்தக் குழாய் அடைப்பாலும் நடக்கும்போது கெண்டை வலிக்கும், அதனால் டாக்டரிடம் ஒருமுறை கால் நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். சைக்கிளைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள், அவர் சரியான வைத்தியத்தைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

பொதுவாகவும் ஒன்று: மூத்திரம் அடைத்துக்கொண்டால், உட்காரும் இடம் மரத்துப்போனால், கால் வலுவிழந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. காய்ச்சல், எடைக் குறைவு, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்த பிறகு வலி இவையெல்லாம் தைலம் தேய்க்கிற கேஸ் இல்லை. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயும் உண்டு, மறந்துவிடக் கூடாது.

---

சங்கரன்கோவில்_மணி

பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், ஊருக்குப் போயிருந்தேன்.

ரத்தப் பரிசோதனை செய்தோம். கிரியாட்டினின் 1.6, இருக்க வேண்டியதைவிட அதிகம். டாக்டர் டைக்ளோஃபெனாக்கை உடனே நிறுத்தச் சொன்னார், பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் உடைப்பு இல்லை. கீதா அக்கா சொன்னதால் எலும்பு ஸ்கேனும் எடுத்தேன், மைனஸ் 2.1. அதற்கும் தனியாக மருந்து, கால்சியம்.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. ஏன் அந்த மாத்திரை என்று இந்தத் தடவை கோபப்படாமல் கேட்டேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், அது எனக்குத் தெரியும். அங்கே காலையிலும் மத்தியானமும் செல்போனில் போட்டோ எடுத்து அட்டெண்டன்ஸ் போடுகிறார்கள். காலை போட்டோவுக்கு இல்லை என்றால் அன்றைய கூலி இல்லை. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யும் காலையில்தான். ஆக ஆஸ்பத்திரியா, கூலியா. பிசியோ என்றால் வாரம் மூன்று நாள் கூலி. மாத்திரை என்றால் ஆறு ரூபாய், காலை ஏழு மணிக்குப் போட்டால் மண்வெட்டி பிடிக்கலாம். பெல்ட்? "குனியவே முடியல, அதக் கட்டிக்கிட்டு மண்ணு எப்படி அள்ள? நாலு பேரு வேற 'என்னாச்சு என்னாச்சு'ம்பாளுக." மெத்தை எதற்கு என்றால், தரையிலிருந்து எழுவதுதான் அவருக்குக் கஷ்டம், மெத்தையைத் தரையில் போட்டால் அதே கஷ்டம்தானே. கட்டில் வாங்கித் தர எனக்குத் தோன்றவில்லை.

"வேலைக்குப் போகாதே, நான் பணம் அனுப்புகிறேன்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

---

கரிசல்_காடு

மணி, நான் இந்த இழையில் இதுவரை கிண்டல்தான் அடித்தேன். என் ஆத்தாவும் அந்த வேலைக்குப் போனவர்தான். அங்கே போவது கூலிக்கு மட்டும் இல்லை. வேப்ப மரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்து பத்துப் பேர் பங்குபோட்டுச் சாப்பிடுகிற அந்த அரைமணி நேரத்துக்கு. வீட்டில் தனியாக உட்காரவைத்தால் வலி கூடும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஓய்வு_ஹெச்எம்_கும்பகோணம்

அவருக்கு வேப்ப மரம், எனக்கு டிகிரி காபி.

---

பிசியோ_ரேவதி

வேலையை நிறுத்த வேண்டாம் மணி. வேலையை மாற்ற முடியுமா என்று பொறுப்பாளரிடம் பேசுங்கள். தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மாதிரி வேலைகளும் அங்கே உண்டு. மண் சட்டியைத் தலைக்குத் தூக்குவது மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு அவர் போக வேண்டாம், ஆஸ்பத்திரி வரட்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவருகிறார்கள், அதில் பிசியோவும் உண்டு. சாயங்காலம் வரமுடியுமா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

பயிற்சி மூன்றுதான், முதலில். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, பத்துத் தடவை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குவது. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி நிற்பது. சாயங்காலம் நடை. முதுகு வலி வந்து ஆறியவர்களைப் படிப்படியாக நடக்கவைத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2024இல் வந்தது, நடந்தவர்களுக்கு மறுபடி வலி வர 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112 நாள். நடைக்குக் காசு கிடையாது, போட்டோவும் எடுக்க மாட்டார்கள்.

---

சங்கரன்கோவில்_மணி

இரண்டு மாதம் ஆகிவிட்டது. இழையை மேலே தள்ளுவதற்கு மன்னிக்கவும், கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

கிரியாட்டினின் 1.2க்கு வந்திருக்கிறது. வலி போகவில்லை. "பத்துக்கு எட்டு இருந்தது, இப்ப அஞ்சு" என்கிறார், அதுவும் செவிலியர் கேட்டால்தான். கட்டில் வாங்கிப் போட்டேன், உயரம் ரேவதி அக்கா சொன்னபடி முழங்கால் மட்டத்துக்கு. வேலையில் தண்ணீர்க் குடம் பக்கம் மாற்றிவிட்டார்கள். அதில் அம்மாவுக்கு அரை மனசு, "கிழவி வேல" என்று முணுமுணுப்பு. பயிற்சியை அத்தையும் சேர்ந்து செய்கிறார், அதனால் ஓடுகிறது. அத்தை ஊருக்குப் போன வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

பச்சைத் தைலம் தொடர்கிறது. அதை நான் கேட்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அரிசிப் பானையில் படி எடுக்கக் கைவிட்டபோது அடியில் காகிதச் சுருள் ஒன்று. நாலு மாத்திரை, அதே அட்டை. எண்ணிப் பார்த்தேன். பொங்கலுக்கு வந்தபோது அத்தை சொன்னதும் நாலுதான். சுருட்டி அதே இடத்தில் வைத்துவிட்டு அரிசியை மேலே தள்ளிவிட்டேன்.